மீன் காட்சியகத்து நீரைத் தூய்மையாக வைத்திருப்பது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்த் திடலில் நாற்பத்தைந்து நாட்களுக்கென அமைக்கப்பட்டுள்ள நீரடிச் சுரங்கக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த படச் செய்தியைப் படித்தேன். கடல் மீன்கள் நீந்தும் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது என்றும், மீன்களின் நலன் கருதித் தண்ணீர் நாள்தோறும் மாற்றப்படுகிறது என்றும் அதில் பாராட்டாக எழுதப்பட்டிருந்தது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, பெரிய மீன் காட்சியகங்கள் தங்கள் நீரை எப்படிப் பேணுகின்றன என்பதை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒன்றை நேரிலும் பார்த்தேன். அந்த அளவில் சொல்கிறேன்: நீர் தெளிந்திருப்பது அது மீனுக்கு ஏற்ற நீர் என்பதற்குச் சான்றாகாது, நாள்தோறும் பாதித் தண்ணீரை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை இருந்தால், அங்கே நீரைத் தூய்மையாக்கும் அமைப்பு இன்னும் உருவாகவே இல்லை என்று பொருள். இதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட கடிதம்.

தெளிவையும் தூய்மையையும் ஒன்றென்று கருதுவது புதிய தவறன்று. புதுவெள்ளம் வரும் நாட்களில் கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் எடுத்து வந்து, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பது எங்கள் பாட்டி காலத்து வழக்கம். சில மணி நேரத்தில் மண் எல்லாம் அடியில் படிந்து, மேலே நீர் பளிங்காகத் தெளிந்து நிற்கும். ஆனால் அதைக் காய்ச்சாமல் எங்களுக்குக் கொடுக்க மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு போய்விட்டது, கண்ணுக்குத் தெரியாதது உள்ளேயே இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். மீன் தொட்டியில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. ஏனென்றால், அங்கே மீனைக் கொல்லும் பொருளுக்கு நிறமே கிடையாது.

அந்தப் பொருள் அம்மோனியா. மீன் தான் உண்ட உணவிலிருக்கும் புரதத்தைச் செரித்த பிறகு, மிஞ்சும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக நீரில் விடுகிறது. ஆற்றிலோ கடலிலோ அது உடனே கரைந்து விலகிப் போய்விடும். தொட்டியில் அது எங்கும் போக வழியில்லை. மீன் தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டியிருக்கும். இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கடல்நீரின் பி.எச். அளவு 8.1 முதல் 8.3 வரை, அதாவது சற்றே காரத்தன்மை கொண்டது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றில் மீனின் உடலுக்குள் எளிதில் ஊடுருவி நஞ்சாகும் வடிவம், பி.எச். 7 உள்ள நீரில் இருப்பதைவிட இந்தக் கடல்நீரில் பத்து மடங்குக்கும் கூடுதலாக இருக்கும். வெப்பம் ஏற ஏற அது இன்னும் மிகும். நன்னீர்த் தொட்டியில் தங்க மீன் தாங்கிக்கொள்ளும் அளவைக் கடல்நீர்த் தொட்டியில் வண்ண மீன் தாங்காது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த கடல்நீர்த் தொட்டி எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இந்த அம்மோனியாவை எந்த மணல் வடிகட்டியாலும் பிடித்து நிறுத்த முடியாது, ஏனெனில் அது நீரில் கரைந்திருக்கிறது. அதை அகற்றுபவை பாக்டீரியாக்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டைப் பெரும்பாலான மீன்கள் ஓரளவு வரை பொறுத்துக்கொள்ளும். இந்த இரு வகை பாக்டீரியாக்களும் நீரில் மிதந்து திரிவதைவிட, மணல், சரளை, பிளாஸ்டிக் வளையங்கள் போன்றவற்றின் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. இடைவிடாமல் ஆக்சிஜன் நிறைந்த நீர் தங்கள் மீது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. ஆகவேதான் பெரிய காட்சியகங்களில், நுண்துளைகளும் மடிப்புகளும் கொண்ட பொருட்களை உயரமான கோபுரங்களில் நிரப்பி, அவற்றின் மேல் தொட்டி நீரைத் தூவி இறங்கவிடுகிறார்கள். நீர் துளித்துளியாக இறங்கும்போது பாக்டீரியாக்களுக்கு உணவும் காற்றும் கிடைக்கின்றன. நீரில் மிகுந்துவிட்ட கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிவிடுகிறது.

என் பணிக்கால அனுபவத்துக்கு இது நேர்மாறானது என்பதால், இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்குப் பெரும் வியப்பு ஏற்பட்டது. குடிநீர் நிலையத்தில் எங்கள் வேலை நுண்ணுயிர் எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது. படிகாரம் இட்டுக் கலங்கலைத் திரட்டி, மணலில் வடிகட்டி, கடைசியில் குளோரின் கலந்து, குழாயின் கடைக்கோடி வீட்டிலும் சிறிதளவு குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் நிம்மதி அடைவோம். அந்த எஞ்சிய குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். பாக்டீரியாப் படலத்தையும் அழித்துவிடும். ஊர்க் குழாய் நீரைக் காட்சியகத்துக்குப் பயன்படுத்துபவர்கள் முதலில் செய்வது, நாங்கள் அரும்பாடுபட்டுக் கலந்த குளோரினை நீக்குவதுதான். அங்கே நீரைக் காப்பதே உயிருள்ள ஒரு கூட்டம். அதை வளர்க்க வேண்டும், பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூச்சு முட்டாமல் காக்க வேண்டும்.

இந்த அறிவியல் முழுமையாகத் தெரிவதற்கு முன்பே, பொதுமக்களுக்கான காட்சியகங்கள் இங்கிலாந்தில் தோன்றிவிட்டன. லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853இல் மீன் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. நீர்ச் செடிகளும் மீன்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், நீரைத் தொடவே வேண்டாம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்தது; சிறு கண்ணாடிப் பெட்டிக்கு ஓரளவு பொருந்திய அது பெரிய தொட்டிகளுக்குப் பொருந்தவில்லை. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் 1871இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் அமைத்த காட்சியகத்தில் வேறொரு வழியைக் கையாண்டார். காட்சித் தொட்டிகள் அனைத்தும் கொள்ளும் நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீரை, தரைக்கடியில் இருட்டான தேக்கத்தில் நிறுத்தி, நீராவி இயந்திரத்தால் இரவும் பகலும் மேலும் கீழும் ஓடவிட்டார். இருட்டில் பாசி வளராது; ஓடும் நீர் காற்றைச் சேர்த்துக்கொள்ளும். பார்வையாளர் காணும் ஒரு பங்கு நீரைக் காப்பதற்கு, அவர் காணாத நான்கு பங்கு நீர் வேண்டும் என்று அந்த மனிதர் கணக்கிட்டது இன்றும் என்னைச் சிந்திக்க வைக்கிறது. நம் சென்னையும் இதில் பின்தங்கியிருக்கவில்லை: மெரினா கடற்கரையில் 1909இலேயே ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை நடந்தது.

நான் நேரில் பார்த்தது கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் காட்சியகத்தை. மூடப்பட்டுவிட்ட ஒரு மத்தி மீன் பதப்படுத்தும் ஆலை நின்ற இடத்தில், கடலின் விளிம்பிலேயே 1984இல் அது திறக்கப்பட்டது. அங்கே கடல் வாசலிலேயே இருப்பதால், விரிகுடாவுக்குள் நீண்டு செல்லும் குழாய்களின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,500 லிட்டர் வரை கடல்நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றை இரண்டு நிமிடத்துக்குள் நிரப்பிவிடக்கூடிய வேகம் அது. உள்ளே வந்த நீர் தொட்டிகளின் வழியே ஓடி, மீண்டும் விரிகுடாவுக்கே திரும்புகிறது. அம்மோனியா சேர்வதற்குமுன் நீரே போய்விடுவதால், இப்படிப்பட்ட திறந்த ஓட்டத்தில் கழிவைப் பற்றிய கவலை குறைவு.

ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தது அந்த நீர் பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் வருவதுதான். பகலில் பார்வையாளர்கள் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடல்நீரை மணல் வடிகட்டிகளில் வடிகட்டி விடுகிறார்கள். மாலையில் கதவு மூடியதும், வடிகட்டாத கடல்நீரை அப்படியே தொட்டிகளுக்குள் திறந்துவிடுகிறார்கள். கலங்கலாக வரும் அந்த நீரில் மிதவை உயிர்களும், சிப்பி, நத்தை, கடற்பாசி ஆகியவற்றின் இளம் நிலைகளும் நிறைந்திருக்கும். நீரை வடித்து உண்ணும் உயிரினங்களுக்கு அதுவே இரவு உணவு. சில இளம் உயிர்கள் தொட்டியின் பாறைகளிலேயே ஒட்டிக் குடியேறி வளர்ந்தும்விடுகின்றன. யாரும் கொண்டுவந்து வைக்காமல் தானாக வந்து சேர்ந்த குடிகள் அவை. காலையில் வாயில் திறப்பதற்கு முன் மறுபடியும் வடிகட்டிய நீருக்கு மாறிவிடுகிறார்கள். நாம் அழுக்கு என்று எண்ணும் கலங்கல் அங்கே வாழும் உயிர்களுக்குச் சோறு. நாம் விரும்பும் தெளிவு நம் கண்ணுக்காக மட்டும் செய்யப்படும் ஏற்பாடு. தெளிவையும் தூய்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காட்சியகத்தின் பெரும்பாசிக் காடு என்ற தொட்டி எட்டரை மீட்டர் உயரமும், ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர் கொள்ளளவும் கொண்டது. உள்ளே உயிருள்ள பெரும்பாசி, மரம் போல அடியிலிருந்து மேற்பரப்பு வரை எழுந்து நிற்கிறது. வெயில் விழுவதற்காக மேற்புறத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். இந்தப் பாசி நின்ற நீரில் வாழாது. இலைகளின் மேல் நீர் அசைந்துகொண்டே இருந்தால்தான் அதனால் சத்தை உறிஞ்ச முடியும். அதற்காக அலையை உண்டாக்கும் எந்திரத்தை வடிவமைத்தவர், காட்சியகத்துக்குப் பெரும்பொருள் வழங்கிய டேவிட் பேக்கர்டே. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். மூழ்கிப் பணிபுரிபவர்கள் உள்ளே இறங்கி, வளர்ந்த பாசியை வெட்டிவிட்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் சுவரைத் துடைத்தபடி இருந்தார்கள். சுவரின் முன் என் பேத்தியோடு நெடுநேரம் நின்றேன். பேத்தி மத்தி மீன்களின் கூட்டத்தைப் பார்த்தாள். நான் நீர் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கடல் அருகில் இல்லாத ஊரின் நிலை வேறு. ஏரிக்கரை நகரமான சிகாகோவில் 1930இல் ஷெட் காட்சியகம் திறக்கப்பட்டபோது, ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவிலிருந்து ரயில் தொட்டி வண்டிகளில் சுமார் 10 லட்சம் கேலன் கடல்நீரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது லட்சம் லிட்டருக்குச் சற்றே குறைவான அந்த நீரைச் சுமக்க, இருபது வண்டிகள் எட்டு முறை போய்வந்தன. அவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த நீரை யாராவது நாள்தோறும் சாக்கடையில் விடுவார்களா? இருக்கும் நீரையே மீண்டும் மீண்டும் தூய்மையாக்கிச் சுழற்ற வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2005இல் திறக்கப்பட்ட ஜார்ஜியா காட்சியகம் இந்தச் சுழற்சி முறையின் உச்சம் என்று சொல்லலாம். கடலிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ள அங்கே, திமிங்கிலச் சுறாக்கள் நீந்தும் ஒரே தொட்டி மட்டும் 63 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் லிட்டர் கொள்ளும். நகரக் குழாய் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தால்தான் கடல்நீர் கிடைக்கும் என்பதால், அந்தத் தொட்டியை ஒரு முறை நிரப்பவே பல நூறு டன் உப்பு வேண்டும். சமையலுப்பைக் கரைத்தால் போதாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று கடலில் உள்ள உப்புகள் எல்லாம் உரிய விகிதத்தில் இருக்க வேண்டும். இப்படிச் செய்த நீரைப் பெரிய பம்புகள் ஓயாமல் இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகின்றன. பெரிய காட்சித் தொட்டிகளில் பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தொட்டி நீர் முழுவதும் ஒரு முறை வடிகட்டிகளின் வழியே போய் வந்துவிடும்.

அந்தப் பயணத்தில் முதலில் வருவது எனக்கு நன்கு பழகிய அழுத்த மணல் வடிகட்டி. உணவுத் துணுக்கு, சாணம், செதில், பாசித் துகள் ஆகியவை மணலில் தங்கிவிடும். மணல் அடைத்துக்கொள்ளத் தொடங்கியதும், உள்ளே நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏறும். அளவுமானியைப் பார்த்து, நீரை எதிர்த்திசையில் வேகமாகச் செலுத்தி மணலைக் கிளறிக் கழுவுவோம். பேக்வாஷ் என்று நாங்கள் சொல்லும் இந்த வேலை குடிநீர் நிலையத்துக்கும் காட்சியகத்துக்கும் பொதுவானது. உள்நாட்டுக் காட்சியகங்களில் அந்தக் கழுவு நீரிலும் விலை கொடுத்து வாங்கிய உப்பு இருப்பதால், அதையும் வீணாக்காமல் மீட்டுத் தூய்மையாக்கிக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு.

அடுத்து வருவது நுரைப் பிரிப்பான். வெல்ல ஆலையில் கரும்புச் சாறு கொதிக்கும்போது, கொப்பரையின் மேல் பொங்கி வரும் அழுக்கு நுரையை நீண்ட கரண்டியால் வழித்துக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உயரமான குழலுக்குள் தொட்டி நீரோடு மிக நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் செலுத்துகிறார்கள். புரதமும் கொழுப்பும் போன்ற கரிமக் கழிவுகள் அந்தக் குமிழ்களின் பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே எழுந்து, பழுப்பு நிற நுரையாகத் திரண்டு, குழலின் உச்சியில் வழிந்து வெளியேறிவிடுகின்றன. கரைந்த கழிவு அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அதைப் பிடித்து வெளியேற்றும் முறை இது என்பதால், இதன் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. கடல்நீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே நிற்பதால் இது நன்றாக வேலை செய்கிறது; நன்னீரில் அவ்வளவு பயன் தருவதில்லை.

நீரின் ஒரு பகுதியை மட்டும் தனியே பிரித்து ஓசோன் வாயுவோடு கலக்கும் ஏற்பாடும் உண்டு. ஓசோன், நீருக்கு மஞ்சள் சாயல் தரும் கரிமப் பொருட்களை உடைத்துவிடும். நோய்க் கிருமிகளையும் அழிக்கும். நீண்ட சுரங்கத்துக்கு அப்பால் இருக்கும் மீனும் துல்லியமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது இருபுறமும் கூரான கத்தி. கடல்நீரில் இயல்பாகவே புரோமைடு இருக்கிறது. ஓசோன் அளவு மீறினால் அந்தப் புரோமைடு மீனுக்கு ஊறு செய்யும் சேர்மங்களாக மாறி நீரிலேயே தங்கிவிடும். ஆகவே மில்லிவோல்ட் கணக்கில் நீரின் ஆக்சிஜனேற்ற நிலையை ஓயாமல் அளந்து, வரம்பை எட்டியதும் ஓசோனைத் தானாக நிறுத்தும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஓசோன் பட்ட நீர் மீனிடம் திரும்புவதற்கு முன், எஞ்சிய வாயு முழுவதும் வெளியேறிவிட்டதா என்றும் உறுதி செய்கிறார்கள். அளவிடத் தெரியாதவர் கையில் ஓசோனைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பாக்டீரியாக்கள் உண்டாக்கிய நைட்ரேட் நீரில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். அது உடனடி நஞ்சாக இல்லாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் அதில் வாழும் சுறாக்களுக்கும் திருக்கை மீன்களுக்கும் கழுத்தில் கழலை நோய் வருவதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். நைட்ரேட், உடல் அயோடினை ஏற்றுக்கொள்வதைத் தடுக்கிறது. ஓசோன், நீரிலுள்ள அயோடைடை உருமாற்றிக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மீனுக்கும் கழலை வரும். எனவே நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விடும் வேறொரு வகை பாக்டீரியாக்களை, ஆக்சிஜன் புகாத தனிக் கலங்களில் வளர்க்கிறார்கள். உணவில் அயோடினும் சேர்க்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு ஆக்சிஜன் உயிர், இரண்டாம் கூட்டத்துக்கு அது இருக்கக் கூடாது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டையும் தனித்தனியே பேணுவது எத்தனை பேரின் கவனத்தைக் கேட்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீரில் இடும் மருந்தும் இதே கவனத்தைக் கேட்கிறது. ஜார்ஜியா காட்சியகத்தில் 2007ஆம் ஆண்டில் இரண்டு திமிங்கிலச் சுறாக்கள் அடுத்தடுத்து இறந்தன. ஒட்டுண்ணிகளைப் போக்குவதற்காகத் தொட்டியில் இட்ட வேதிப்பொருள் அவற்றின் பசியைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயத்தை அந்தக் காட்சியகத்தாரே வெளியிட்டு, அந்த மருந்தை நிறுத்தினார்கள். உலகின் மிகப் பெரிய தொட்டிகளில் ஒன்றை, வல்லுநர்களைக் கொண்டு நடத்தும் இடத்திலேயே இப்படி நேரக்கூடும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. குழாய்களும் அப்படியே. சிறு மீன் கடைக்காரர் முதல் பெரிய காட்சியகம் வரை எல்லோரும் செம்பும் பித்தளையும் கடல்நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிறிதளவு செம்பு கரைந்தாலே இறாலும் பவளமும் மாண்டுபோகும். அதனால்தான் பி.வி.சி. குழாயும், நீரைக் குளிர்விக்கும் இடத்தில் விலை உயர்ந்த டைட்டானியமும்.

இனி எங்கள் ஊர்க் கண்காட்சிக்கு வருகிறேன். திறந்த மூன்றாம் நாள் மாலை என் பேத்தியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். நீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பல மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில அடியில் சாய்ந்து, செவுள்களை வேகமாக அசைத்தபடி கிடந்தன. அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன். "தினமும் பாதித் தண்ணியை மாத்திடுறோம் சார், லாரியில வருது" என்று அவர் உள்ளன்போடுதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். நீர்ப் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மீண்டும் சென்றபோது மீன்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது.

இதற்குக் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. புதிதாக வைத்த வடிகட்டியில் அந்த இரு வகை பாக்டீரியாக்களும் போதுமான அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடல்நீரில் அதற்கு மேலும் ஆகலாம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், அதற்குப் பிறகே மீனை விட வேண்டும். நாற்பத்தைந்து நாட்களுக்காக ஒரு வாரத்தில் எழுப்பப்படும் தொட்டியில், பாக்டீரியாக்கள் தயாராகும் வேளையில் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். கண்காட்சியின் முழுக் காலமும், மீனுக்கு மிக ஆபத்தான அந்தத் தொடக்க வாரங்களிலேயே கழிந்துவிடுகிறது. நாள்தோறும் நீரை மாற்றுவது அம்மோனியாவைச் சற்றே நீர்க்கச் செய்யுமே தவிர, அடுத்த வேளை உணவு போட்டதும் அது மீண்டும் ஏறும். உப்பளவும் வெப்பமும் ஒரேயடியாக மாறுவதால் மீன் மேலும் நலியும். லாரி நீரில் குளோரின் இருந்து, அதை நீக்காமல் ஊற்றினால், அரைகுறையாக வளர்ந்த பாக்டீரியாப் படலமும் போய்விடும்.

இதற்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாலுக்கு உறை ஊற்றுவதைப் போல, ஏற்கெனவே நன்கு வேலை செய்யும் ஒரு தொட்டியின் வடிகட்டிப் பொருட்களை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதிய வடிகட்டியில் இட்டால், இந்தக் காலத்தைப் பெருமளவு குறைக்கலாம். மீன் விடுவதற்கு முன்பே அம்மோனியாவை அளந்து இட்டுப் பாக்டீரியாக்களை வளர்த்தெடுக்கும் முறையும் உண்டு. மீன்களை ஒரே நாளில் இறக்காமல் சிறிது சிறிதாக விடலாம், உணவைக் குறைக்கலாம். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. நாட்கள்தாம் வேண்டும், அந்த நாட்களுக்கான திடல் வாடகையைக் கட்டணம் வசூலிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதால்தான் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

எனவே, இத்தகைய கண்காட்சிகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளிடம் தங்கள் நாளிதழ் வழியாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். தீயணைப்பு வசதியையும் மின் இணைப்பையும் சோதிப்பதைப் போலவே, தொட்டியின் நீரையும் மீன்வளம் படித்த ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சில நாட்கள் சுழியத்தை ஒட்டி நிற்பதைப் பதிவேட்டில் காட்டிய பிறகே மீன்களை விடவும் சீட்டு விற்கவும் அனுமதிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் நீரோட்டமும் காற்றும் நின்று, நெருக்கமாக மீன்களை அடைத்த தொட்டியில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், தானாக இயங்கும் ஜெனரேட்டரும் மாற்றுப் பம்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இறந்த மீன்களின் எண்ணிக்கையையும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இப்படிப்பட்ட கண்காட்சியைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, சுரங்கத்தின் நீளத்தையும் மீன் வகைகளின் எண்ணிக்கையையும் கேட்கும் தங்கள் செய்தியாளர், தொட்டி நிரப்பப்பட்ட நாள் எது, மீன் விடப்பட்ட நாள் எது, அன்றைய அம்மோனியா அளவு என்ன என்ற மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். மீன் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சோதனைத் திரவத்தைக் கொண்டு பத்து நிமிடத்தில் அந்த அளவைப் பார்த்துவிடலாம். அவர் விரும்பினால் நானே உடன் வந்து சோதித்துக் காட்டுகிறேன். எங்கள் ஊர்க் கண்காட்சி முடிய இன்னும் முப்பது நாட்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலைய மேற்பார்வையாளர் (ஓய்வு)